ஏய், நெருப்பு

ஆகஸ்டு 4, திங்கள்

ஜெசிந்தா சிஸ்டர் எழுதச் சொன்னது இவ்வளவுதான்: எப்போது பீடி கேட்டார், எவ்வளவு கோபப்பட்டார், என்ன கொடுத்துச் சமாளித்தேன். நோட்டையும் அவர்களே கொடுத்தார்கள். என் வீட்டுக்காரருக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். அதையும் கோலம் போடுகிற மாதிரி புள்ளி வைத்துத்தான் போடுவார். அதனால் ஏங்குவது அவர், எழுதுவது நான் என்று ஆஸ்பத்திரியிலேயே முடிவாகிவிட்டது. நான் ஐந்தாவது வரை படித்தவள். அதற்குமேல் என்னைத் தாங்குகிற தெம்பு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இல்லை.

சங்கதி என்னவென்றால், அவருடைய வலது கால் பெருவிரல் நாவல்பழ நிறத்துக்குப் போய்விட்டது. டாக்டர் அழுத்திப் பார்த்தார். ஊசியால் குத்திப் பார்த்தார். "பீடிதான் ரத்தக்குழாய அடைச்சிருக்கு. இனிமே ஒண்ணுகூடக் கூடாது. பிடிச்சீங்கன்னா முதல்ல விரல எடுக்கணும், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால். வீட்ல வேற யாரும் பக்கத்துல பிடிக்கவும் கூடாது" என்றார்.

அவர் குட்டியானை வண்டி ஓட்டுகிறவர். தோட்டத்தில் தக்காளியும் முருங்கைக்காயும் ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்குவார். வலது கால் போனால் அப்புறம் எதை வைத்து மிதிப்பது?

அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "வாய்க்குத்தான் பிரேக் இல்லாமப் போச்சு டாக்டர். கால் பிரேக்கையாச்சும் காப்பாத்திக் குடுங்க" என்றேன். டாக்டர் குனிந்து சீட்டைப் பார்த்துச் சிரித்தார். இவர் என்னை முறைத்தார். முறைப்பு வந்துவிட்டால் ஆள் தேறிவிட்டார் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் இருந்த பீடிக் கட்டையெல்லாம் நொறுக்கி வாழைக்குழியில் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"என்னடி, எழவு வீட்ல நிக்கிற மாதிரி நிக்கிற?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து கூட இருந்த பொருளு. ரெண்டு சொட்டுக் கண்ணீராச்சும் விட வேணாமா?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

ஆகஸ்டு 5, செவ்வாய்

விடிந்ததும் வாசல் கட்டிலில் இருந்து சத்தம் வந்தது. "ஏய், நெருப்பு."

நானும் எழுந்து போய் அடுப்பைத் திருகி, குனிந்துவிட்டேன். கையில் ஒன்றும் இல்லை. அடுப்பு மட்டும் எரிகிறது. வெளியே அவர் "சே" என்பது கேட்டது.

சிஸ்டருக்கு இது புரியாது. விளக்கி எழுதுகிறேன்.

கல்யாணமாகி வந்தபோது ஒரே ஒரு கூடம். அதில் என்னையும் சேர்த்துப் பத்துப் பேர். புருசனோடு பேச வேண்டுமென்றால் எட்டுப் பேர் கண் மூட வேண்டும்; எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கண் மூடுகிற குடும்பம் இல்லை அது. வந்த மறுநாள் அவர் வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டியைத் தேடினார். என் மாமியார், "அடுப்பு தெண்டமாவா எரியுது? அவகிட்டக் குடுத்துப் பத்த வச்சுக்க" என்றார். அப்படித்தான் பீடி என் கைக்கு வந்தது. கையில் பிடித்துக் காட்டினால் பற்றாது. வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால்தான் பற்றும். அது பீடியின் குணம், என் குணம் இல்லை. இருமி, கண்ணெல்லாம் தண்ணீராகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கி வாயில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கு நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். ஆனால் நிறையப் பேசிவிட்ட மாதிரி இருந்தது.

அப்புறம் தனி வீடு வந்தது, கேஸ் அடுப்பு வந்தது, வீட்டில் தீப்பெட்டி டஜன் கணக்கில் கிடந்தது. ஆனாலும் "ஏய், நெருப்பு"தான். "தீக்குச்சியில மருந்து நாத்தம்டி, அடுப்பு நெருப்புக்குத்தான் ருசி" என்பார். என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. நெருப்பு என்றால் நான் போவேன். நானும் அவர் பெயரைச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் சிஸ்டர்தான் "சன்னாசி யாரு?" என்று கூப்பிட்டார்கள். பெயர்தான் அப்படி, ஒரு பீடியைத் துறக்க இத்தனை வருசம் ஆயிற்று.

கோபம்: உண்டு. கொடுத்தது: பொரிகடலை.

ஆகஸ்டு 6, புதன்

கேட்டார். கத்தினார். பொரிகடலை. எனக்குத் தலைவலி.

ஆகஸ்டு 7, வியாழன்

சாம்பாரில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினார். உப்பு இருந்தது. நான் சட்டியோடு எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்து, "இந்தாங்க, மார்க்கெட்ல இருந்து ஒரு மூட்டை உப்பு ஏத்திட்டு வந்து நீங்களே போட்டுக்கங்க" என்றேன். வழக்கமாக இந்த மாதிரி சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். இன்றைக்கு அழுகை வந்தது. உப்புக்கெல்லாமா அழுவது?

சாயங்காலம் திருப்பூரில் இருந்து மகள் சுகந்தி போன் செய்தாள். "அப்பா எப்படிம்மா இருக்காரு?" என்றாள். "வந்து பாத்துக்கடி" என்று வைத்துவிட்டேன். அவள் என்ன செய்தாள் பாவம்.

இவருடைய எரிச்சல் எனக்கும் ஒட்டிக்கொண்டது போல. கண்வலி மாதிரி இதுவும் ஒட்டும் என்று தெரியாமல் போயிற்று.

ஆகஸ்டு 8, வெள்ளி

ஜெசிந்தா சிஸ்டர் போன் செய்து விசாரித்தார்கள். உள்ளதைச் சொன்னேன். காலையில் எழும்போதே மண்டைக்குள் இடி. டீ குடித்தால் வெந்நீர் மாதிரி இருக்கிறது. வயிறு இளகவில்லை. காரணமே இல்லாமல் அழுகை.

"அண்ணே அழுறாராக்கா?"

"இல்ல சிஸ்டர், அழுறது நானு."

சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார்கள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எதுவும் பிடிப்பீங்களா?"

"நானா? நல்லாக் கேட்டீங்க போங்க. பொம்பள சிஸ்டர் நானு. பத்த வச்சுக் குடுக்கிறதோட சரி."

"பத்த வைக்கிறதுன்னா?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் வாங்கவே இல்லை.

கண்ணாடி மாற்ற வேண்டும். தலைவலி அதனால்தான்.

ஆகஸ்டு 9, சனி

இன்றைக்கு அவர் பரவாயில்லை. கட்டிலில் காலை உயர்த்தி வைத்துக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு தக்காளி விலை பேசினார்.

நான் உள்ளே அரிசி களைந்துகொண்டே பழசையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். சண்டை வந்தால் நான் பீடியைத் தலைகீழாகப் பற்றவைத்துக் கொடுப்பேன். வாயில் வைக்கிற பக்கம் எரியும். அவர் ஒன்றும் சொல்லாமல், நூல் கட்டாத அகலப் பக்கத்தை வாயில் வைத்து, தூள் எல்லாம் நாக்கில் ஒட்ட ஒட்டப் பிடிப்பார். தூ தூ என்று துப்பிக்கொண்டே முழுவதும் பிடித்து முடித்தால் சமாதானம் என்று அர்த்தம். நானும் உள்ளே வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருப்பேன். வாய் திறந்து மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் இருவருக்குமே இல்லை.

முதல்முதலாகச் சொந்தமாக வண்டி எடுத்த அன்று, மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. எல்லோரும் போன பிறகு அவர் வண்டிக்குள் உட்கார்ந்து, அங்கிருந்தே "ஏய், நெருப்பு" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஏறு" என்றார். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி ஓடவில்லை. சும்மா நின்ற வண்டியில் அந்தப் பீடி முடிகிறவரை உட்கார்ந்திருந்தோம். அதற்கப்புறம் பழனி, கொடைக்கானல் என்று எங்கெங்கோ போயிருக்கிறோம். நின்ற வண்டியில் போன தூரம் எதிலும் போகவில்லை.

சுகந்தி வயிற்றில் வந்ததை நான் யாரிடமும் சொல்வதற்கு முன்னாலேயே அவர் கண்டுபிடித்துவிட்டார். "நீ முழுகாம இருக்கியா?" என்று நேராகவே கேட்டார். எனக்கே அப்போதுதான் சந்தேகம். எப்படித் தெரிந்தது என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சிரிப்பார், சொல்ல மாட்டார்.

ஆகஸ்டு 11, திங்கள்

ஜன்னல் விளிம்பைத் துடைத்தேன். பாதி பிடித்து அணைத்த துண்டு பீடிகளை அவர் அங்கேதான் வைப்பார். அவர் வண்டியில் போன பிறகு நான் சுத்தம் செய்வேன். அணைந்துவிட்டதா என்று ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். தீப்பிடித்துவிட்டால் யார் பதில் சொல்வது? இன்றைக்கு விளிம்பில் ஒன்றுமே இல்லை. சாம்பல்கூட இல்லை. ரொம்ப நேரம் துடைத்தேன்.

மூக்கையா அண்ணன் கடைக்குப் போனேன். "என்ன வேணும் தங்கச்சி?" என்றார். தீப்பெட்டி என்றேன். "நேத்துத்தான வாங்கிட்டுப் போன? வீட்ல விளக்குப் பூசையா?" என்றார். தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு வந்து, வருகிற வழியிலேயே தின்றேன்.

இவர் நன்றாகத் தூங்குகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். "முருங்கைப் பூவுக்கு வாசம் இருக்குடி, இம்புட்டு நாளாத் தெரியாமப் போச்சு" என்கிறார். எனக்கு அவரைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆகஸ்டு 12, செவ்வாய்

பீடி கேட்கவில்லை. கோபம் இல்லை. ஒன்றும் கொடுக்கவில்லை.

காலையில் இருந்து ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் நொண்டிக்கொண்டு அவரே போய் எடுத்துக்கொள்கிறார். கூப்பிட நினைத்து வாயைத் திறக்கிறார், என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மூடிக்கொள்கிறார். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆகஸ்டு 14, வியாழன்

நாளை ஆடிக் கடைசி வெள்ளி. அடுப்படி மாடத்தில் எங்கள் குலசாமி கருப்பு இருக்கிறார். வருசா வருசம் பொங்கல் வைத்து, ஒரு சுருட்டும் பற்றவைத்து அவர் முன்னால் வைப்போம்.

"இந்த வருசம் சுருட்டு வேணாம்டி" என்றார்.

"சாமிக்கு எந்த டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்தாரு?"

"வெளாடாத. வாசம் அடிச்சா என்னால நிக்க முடியாது. ஓடிப்போயி ஒரு கட்டு வாங்கிருவேன். அப்புறம் இந்தக் காலு போயிரும்."

"கதவச் சாத்திட்டு வைக்கிறேன். பயப்படாதீங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

மூக்கையா அண்ணன் கடையில் சுருட்டு வாங்கி, முந்தானையில் முடிந்து கொண்டுவந்தேன். சாமி காரியம். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, ஆனால் முடிந்துதான் கொண்டுவந்தேன்.

ஆகஸ்டு 15, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சிஸ்டர் படிக்கட்டும்.

சர்க்கரைப் பொங்கல் இறக்கினேன். சூடம் காட்டினேன். அவர் திருநீறு பூசிக்கொண்டு வாசலுக்குப் போனதும் அடுப்படிக் கதவைச் சாத்தி, சுருட்டை அடுப்பில் காட்டினேன். சுருட்டு பீடி மாதிரி இல்லை. ஒரு இழுப்புக்குப் பற்றாது. சாமிக்காக ஒன்று இழுத்தேன். அணைந்துவிடக் கூடாதே என்று இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

மண்டைக்குள் இத்தனை நாளாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவன் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "வர்றேன் தாயி" என்று சொல்லிவிட்டுப் போனான். தோள் இறங்கியது. நாக்கில் பொங்கல் ருசித்தது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணாடியும் இல்லை, ஒட்டுவாரொட்டியும் இல்லை.

தெரிந்த பிறகும் ஒன்று இழுத்தேன். அதையும் எழுத வேண்டும் அல்லவா?

கதவு திறந்தது. குதிகாலை ஊன்றி, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சாமிக்கு எத்தன இழுப்புடி?"

"ஒண்ணுதான். பத்துறதுக்கு."

"கதவிடுக்குல பொகை விட்டு விட்டுல்ல வருது."

எனக்கு வாய் அடைத்துப்போனது. இந்த வாய் அடைத்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. கருப்புசாமி ஒருவர்தான் சாட்சி.

அவர் சிரித்தார். "நீ கொண்டாந்து குடுத்த பீடி என்னைக்குடி முழுசா வந்துச்சு? அடுப்படிக்கும் வாசலுக்கும் எம்புட்டுத் தூரம்? அதுக்குள்ள கால்வாசி காத்துலயா போகும்?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"கேட்டா நிறுத்திருவ."

"நிறுத்தினா என்னவாம்?"

அவர் மாடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நுனியில ஈரம் இருக்காதுல்ல."

இந்த வயதில் எனக்கு முகம் சுட்டது. சுருட்டு பக்கத்தில் இருந்ததால் இருக்கும்.

"ஒரே ஒரு தடவ கொஞ்ச நாளைக்கு முழுசா வந்துச்சு" என்றார். "ஓரத்துல லேசாக் கருகி, ஒரு இழுப்புகூட இழுக்காம. உனக்கு அந்த வாசமே ஆகல. அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், சுகந்தி வந்துட்டான்னு."

இத்தனை வருசமாகச் சிரித்து மழுப்பியது இதைத்தான்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவர் கை நீண்டது. கேட்டு நீளவில்லை. பழகின கை, தானாக நீண்டது. என் கையும் பழகின கைதான், அதுவும் பாதி தூரம் போய்விட்டது. இரண்டு கைக்கும் நடுவில் சுருட்டு. அவர் கண் அதன் நெருப்பு நுனியைவிட்டு நகரவில்லை. ஒரு வார்த்தை "இந்தாங்க" என்று சொன்னால் போதும், எங்கள் பழைய நாளெல்லாம் திரும்பி வந்துவிடும். கால் போய்விடும்.

கீழே பார்த்தேன். அந்த விரலில் நகத்தைச் சுற்றி மட்டும் கருப்பு விலகி, பிள்ளை உதடு மாதிரி கொஞ்சம் சிவந்திருந்தது. போன வாரம் அது இல்லை.

சுருட்டை அரிசி கழுவின தண்ணீரில் முக்கினேன். உஸ் என்றது. இரண்டு பேரும் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கருப்பு கோவிச்சுக்குவாரா?" என்றார்.

"கோவிச்சா அவரும் ஆஸ்பத்திரிக்கு வரட்டும். சிஸ்டர் அவருக்கும் ஒரு நோட்டுக் குடுப்பாங்க."

அவர் சுவரைப் பிடித்து மெதுவாக அடுப்படித் தரையில் உட்கார்ந்தார். இந்த வீட்டில் அடுப்படிக்குள் அவர் உட்கார்ந்தது இன்றுதான்.

"இம்புட்டு நாளா எனக்குப் பொரிகடலை குடுத்தியே. உனக்கு யாருடி குடுத்தா?"

டப்பாவை எட்டி எடுத்து, ஒரு கை அள்ளி என் கையில் போட்டார்.

ஆகஸ்டு 16, சனி

இரண்டு பேருக்கும் கோபம். மதியத்துக்குள் பொரிகடலை தீர்ந்துவிட்டது.

ஆகஸ்டு 18, திங்கள்

ஆஸ்பத்திரி. "நீ உக்காரு, சீட்டு நான் வாங்குறேன்" என்று அவரே நொண்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றார். நான் பெஞ்சில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சீட்டு வந்துவிட்டது. நகரவில்லை.

"இன்னொரு சீட்டு வேணும்மா. அதே சிஸ்டர்கிட்டத்தான்."

"யாருக்கு?" என்றாள் கவுண்டர் பெண்.

"வீட்ல."

"பேரு சொல்லுங்க."

"நெருப்பு."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "நெருப்பா? அப்படி ஒரு பேரா?" பின்னால் நின்ற வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் திரும்பி, வாய்ப்பாடு மறந்த பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்வேனா? மேலே மின்விசிறி சுற்றுகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தொண்டையைச் செருமினார். வேட்டியை இறக்கிவிட்டார்.

"அன்னக்காமு" என்றார்.

தக்காளிப் பெட்டியைத் தனியாளாக இறக்கி வைக்கிற மாதிரி, அலுங்காமல், அடிபடாமல் இறக்கி வைத்தார். என் பெயர் அவ்வளவு நீளமானது என்று எனக்கே தெரியாது.

வயது கேட்டபோது நாலைந்து வருசத்தைக் குறைத்துச் சொன்னார். அதற்காகவே இன்னும் ஒரு பிறவி இவரோடு இருக்கலாம்.

டாக்டர் விரலைப் பார்த்துவிட்டு, "தப்பிக்கும்னு தோணுது. இன்னும் உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணுகூட..." என்று ஆரம்பித்தார். இரண்டு பேரும் ஒன்றாகத் தலையாட்டினோம். ஜெசிந்தா சிஸ்டர் நோட்டைப் படித்துக்கொண்டே போனார்கள். நடுவில் ஒரு இடத்தில் சிரித்தார்கள், ஒரு இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். "பால் பொங்குதுன்னு சொன்னப்பவே தெரியும்க்கா" என்றார்கள்.

ஆகஸ்டு 19, செவ்வாய்

விடிந்ததும் வாசலில் இருந்து, "ஏய், நெருப்பு."

"அதான் பேரு சொல்லப் பழகியாச்சுல்ல, அதச் சொல்லிக் கூப்பிடலாம்ல?"

"அது ஆஸ்பத்திரிக்கு."

எப்போது கேட்டார்: காலையில், டீக்கு முன்னால்.

எவ்வளவு கோபப்பட்டார்: இல்லை.

என்ன கொடுத்துச் சமாளித்தேன்: அடுப்பைப் பற்றவைக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன். கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன்.